பட்டாசு தப்பா, பீடி தப்பா?

நாய் வளர்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே டியூஷன் சென்டரில் படித்தவர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. கேட்டைத் திறந்ததும் அத்தனை பேரும் ஒரே வசனத்தைத்தான் சொல்கிறார்கள்.

“வாங்க சார், ஒண்ணும் பண்ணாது!”

நாம் வாசலிலேயே நிற்போம். அது நம் முழங்காலை, பசியோடு ஓட்டலுக்கு வந்தவர் மெனு கார்டைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருக்கும். “பயப்படாம வாங்க சார். பயந்தா அது மோந்தே கண்டுபிடிச்சிடும்” என்பார் அடுத்து. பயப்படாதே என்று சொல்ல இதைவிடப் பயங்கரமான வழி இருக்கிறதா?

கடித்த பிறகு வசனம் மாறும். அதிலும் இரண்டே வகைதான். ஒன்று, “இதுவரைக்கும் யாரையும் கடிச்சதே இல்லை சார்!” (முதல் போணி நாம்தான் என்ற பெருமை நமக்கு!) இன்னொன்று, “நாம என்ன சார் பண்றது... அந்த ஜாதியே அப்படி!”

இந்த இரண்டாவது வசனத்தைத்தான் கொஞ்சம் உட்கார்ந்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். நாய் கடிப்பது ஜாதியாலா, வளர்ப்பாலா?

கேள்வி பழசுதான். 2024-ல் அது திடீரென்று சூடு பிடித்தது. அந்த வருஷம் மே 5-ம் தேதி, சென்னை ஆயிரம் விளக்கு மாடல் ஸ்கூல் ரோட்டில் உள்ள மாநகராட்சிப் பூங்காவில், அங்கே காவலாளியாக இருந்தவரின் ஐந்து வயதுப் பெண் குழந்தையை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. காப்பாற்றப் போன தாயாருக்கும் காயம். நாய்களின் சொந்தக்காரரைப் போலீஸ் கைது செய்தது. படித்தவர்கள் எல்லோருக்கும் வயிறு கலங்கியது.

அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச் 12-ம் தேதி, மத்திய அரசின் கால்நடை பராமரிப்புத் துறை எல்லா மாநிலங்களுக்கும் ஒரு கடிதம் அனுப்பியிருந்தது. பிட்புல், ராட்வீலர் உள்ளிட்ட 23 வகை நாய்கள் மூர்க்கமானவை. அவற்றை இறக்குமதி செய்யக் கூடாது, விற்கக் கூடாது, குட்டி போடவிடக் கூடாது. ஏற்கெனவே வளர்ப்பவர்கள் கருத்தடை செய்துவிட வேண்டும் என்று.

நான் பி.காம். படித்தவன். எந்த லிஸ்ட்டைப் பார்த்தாலும் டோட்டல் சரியா என்று பார்ப்பது கைப்பழக்கம். அந்த லிஸ்ட்டில் ‘டோசா இனு’ என்று ஒரு நாய் இருந்தது. கொஞ்சம் கீழே போனால் ‘ஜாப்பனீஸ் டோசா’ என்று இன்னொரு நாய். விசாரித்தால் இரண்டும் ஒன்றுதான்! டபுள் என்ட்ரி சிஸ்டத்தை நாய்க்கும் கொண்டுவந்துவிட்டார்கள். இன்னும் கீழே ‘டெரியர்கள்’ என்று ஒரே வார்த்தையில் ஒரு பரம்பரையையே போட்டிருந்தார்கள். கையில் தூக்கிக்கொண்டு போகிற சைஸில் இருக்கும் நாய்கூட அதில் வந்துவிடும்.

ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம், சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் போட்ட உத்தரவு என்று அதை ரத்து செய்தது. மே மாதம் பூங்கா சம்பவத்துக்குப் பிறகு தமிழ்நாட்டிலும் அதே 23 வகைக்குத் தடை என்று ஓர் உத்தரவு வந்தது. வந்த வேகத்திலேயே திரும்பிப் போனது.

அந்த வாரம் விழுப்புரத்திலிருந்து கிளம்பிய பாசஞ்சரில் வேறு பேச்சே இல்லை. நான் வாரத்தில் இரண்டு நாள் திண்டிவனம் போகிறவன். சித்தப்பாவின் அரிசி மண்டிக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்க. முண்டியம்பாக்கம் வரும்போது பாங்க்காரர் ஒருவர், “எல்லாம் ரத்தம் சார். புலிக்குட்டிக்குத் தயிர் சாதம் போட்டா பூனை ஆயிடுமா?” என்றார். விக்கிரவாண்டியில் கோர்ட் குமாஸ்தா ஒருவர், “அப்படிப் பார்த்தா எங்க வீட்டுப் பொமரேனியன் மூணு பேரைக் கடிச்சிருக்கு. அதுக்கு எந்தப் புலி ரத்தம்?” என்று மடக்கினார். பேரணி தாண்டுவதற்குள் கம்பார்ட்மென்ட் இரண்டு கட்சியாகிவிட்டது. மயிலத்தில் ஒருவர் முருகனைக் கும்பிட்டுவிட்டு, “வளர்க்கிறவன் சரியில்லை” என்று தீர்ப்புச் சொன்னார். திண்டிவனம் வந்ததும் எல்லோரும் இறங்கி, ஸ்டேஷன் வாசலில் படுத்திருந்த தெரு நாயை ஜாக்கிரதையாகச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அந்த விவாதத்தில் நான் வாயே திறக்கவில்லை. காரணம், என் கையில் இரண்டு நாய் இருந்தது. ஒன்று விழுப்புரத்தில், ஒன்று திண்டிவனத்தில். இரண்டும் ராட்வீலர். ஒரே தாய், ஒரே ஈற்று.

விழுப்புரத்து நாய், எங்கள் தெருக்கோடியில் இருக்கும் டீச்சருடையது. ரிட்டயரான ஆரம்பப் பள்ளி டீச்சர். 2021-ல், கொரோனாவுக்காகப் பெங்களூரிலிருந்து வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் ஆபீஸ் நடத்திக்கொண்டிருந்த மகன், ஆசையாக ஒரு குட்டி வாங்கினார். ஆபீஸ் திறந்ததும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனார். குட்டியை எடுத்துப் போகவில்லை. டீச்சர் அதற்குப் ‘பாபு’ என்று பெயர் வைத்தார். ராட்வீலருக்குப் பாபு! ஜெர்மனியில் மாடு ஓட்டவும் கசாப்புக்காரர்களின் வண்டி இழுக்கவும் வளர்த்த பரம்பரை. ராட்வீல் என்ற ஊரின் பெயரே அதற்கு வந்தது. விழுப்புரத்தில் அது நாலாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவன் மாதிரி அட்டென்டன்ஸுக்குக் கை தூக்கிக்கொண்டிருக்கிறது.

அந்தக் குட்டியைப் பார்த்துவிட்டு என் சித்தப்பாவுக்கு ஆசை வந்தது. “மண்டிக்கு இந்த மாதிரி ஒண்ணு இருந்தா நைட் வாட்ச்மேன் சம்பளம் மிச்சம்டா” என்றார். அதே இடத்தில் அதே ஈற்றில் மிச்சமிருந்த கடைசிக் குட்டியை வாங்கி வந்தார். பெயர், டைகர்.

டீச்சர் பாபுவை வளர்த்த விதம் எங்கள் தெருவுக்கே தெரியும். இரண்டு மாசக் குட்டியாக இருக்கும்போதே, தினம் காலையில் மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுவார். ஸ்கூல் பிள்ளைகள், பால்காரர், காஸ் சிலிண்டர் உருட்டுகிறவர், குடை பிடித்த பாட்டி, தலையில் கூடை வைத்த கீரைக்காரம்மா, மேளம் அடித்துக்கொண்டு போகும் சாமி ஊர்வலம்... “எல்லாரையும் பார்த்து வெச்சுக்கடா” என்பார். அது எல்லோரையும் பார்த்து வைத்துக்கொண்டது.

அடித்தது கிடையாது. ஒருநாள் கேட்டேன். “தம்பி, நான் சர்வீஸ் பூரா பிரம்பு பார்த்தவ. பிரம்பு எடுத்தா பசங்க பாடத்தைக் கத்துக்கறதில்லை. பிரம்பு எங்க இருக்குன்னுதான் கத்துக்கறாங்க” என்றார்.

டைகர் கதை வேறு. மண்டிக்கு வந்த அன்றே சித்தப்பாவின் சிநேகிதர்கள் யோசனை சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். “யாரையும் தொடவிடாதீங்க, பழகிட்டா காவல் காக்காது.” “பச்சைக்கறி போடுங்க, அப்பத்தான் வெறி ஏறும்.” “நாலு சாத்து சாத்துங்க, முதலாளி யாருன்னு தெரியணும்.” நாய் வளர்க்காதவர்களுக்குத்தான் நாயைப் பற்றி எவ்வளவு ஞானம்! குடோன் ஓரத்தில் ஆறு அடிச் சங்கிலி. அந்த ஆறு அடிக்குள் அது சுற்றிச் சுற்றி, தரையில் வட்டமாக ஒரு பள்ளமே விழுந்துவிட்டது. காம்பஸ் வைத்துப் போட்டது மாதிரி. மூட்டை இறக்கும் சத்தம், லாரி ஹாரன், மதில்மேல் ஏறிக் கல் விட்டுவிட்டு ஓடும் பையன்கள். ராத்திரி யாராவது ஒரு தட்டைத் தள்ளிவிட்டுப் போவார்கள். அது மனிதர்களைப் பற்றித் தெரிந்துகொண்டது அவ்வளவுதான்.

இந்த இடத்தில் ‘பார்த்தீர்களா, எல்லாம் வளர்ப்புதான்!’ என்று முடித்துவிட்டால் கட்டுரை பாதிப் பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால், இரண்டு நாயை வைத்துக்கொண்டு பாலன்ஸ் ஷீட் போடக் கூடாது. ரத்தக் கட்சிக்கும் சாட்சி இருக்கிறது.

சைபீரியாவில் நோவோசிபிர்ஸ்க் என்ற இடத்தில், 1959-ல் பெல்யாயெவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி வெள்ளி நரிகளை வைத்து ஒரு சோதனை ஆரம்பித்தார். மனிதர்களிடம் சாதுவாக இருக்கும் நரிகளை மட்டும் பொறுக்கியெடுத்து இனம் பெருக்கினார். சில தலைமுறைகளில் அவை வாலாட்டிக்கொண்டு மடியில் ஏற ஆரம்பித்தன. இதே மாதிரி முரட்டு நரிகளையும் தனியாகப் பெருக்கினார்கள். முரட்டுத் தாயின் கருவை எடுத்துச் சாது நரியின் வயிற்றில் வைத்துப் பிறக்க வைத்தும் பார்த்தார்கள். குட்டிகள் முரடாகவே வளர்ந்தன. ஆக, குணம் ரத்தத்தில் வரும் என்பது பொய்யில்லை.

ஆனால், அங்கே தலைமுறை தலைமுறையாகக் குணத்தைப் பார்த்துப் பொறுக்கினார்கள். நம் நாய் மார்க்கெட்டில் பொறுக்குவது எதைப் பார்த்து? கலர், காது, தலை சைஸ். அதனால்தான் 2022-ல் ‘சயின்ஸ்’ பத்திரிகையில் வந்த ஆராய்ச்சி முக்கியமாகிறது. அமெரிக்காவில் 18,000 நாய்களுக்கு மேல் சொந்தக்காரர்களிடம் கேள்வி கேட்டு, 2,000 நாய்களுக்கு மேல் மரபணுவையும் பார்த்தார்கள். தனித்தனி நாயின் குணத்தில் இருக்கும் வித்தியாசத்தில், இனம் எது என்பது விளக்கியது சுமார் 9 சதவீதம்தான். சொன்னதைக் கேட்பது போன்ற குணங்களில் இனம் கொஞ்சம் அதிகம் தெரிந்தது. எதற்கு எவ்வளவு சீக்கிரம் சீறும் என்பதில் ரொம்பவும் கம்மி.

மிச்சம் எங்கே இருக்கிறது? ஒரு பகுதி, குட்டியின் முதல் மூன்று மாதத்தில். 1961-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். நாய்க்குட்டிகளை வேலி போட்ட வயலில், மனிதர் கைபடாமல் வளரவிட்டார்கள். இரண்டு வாரத்திலிருந்து ஒன்பது வாரத்துக்குள் வெவ்வேறு சமயத்தில் எடுத்துப் பழக்கிய குட்டிகள் மனிதரோடு ஒட்டிக்கொண்டன. பதினாலு வாரம் வரை மனித வாசனையே இல்லாமல் இருந்தவற்றைப் பிறகு எவ்வளவு கொஞ்சியும் சரிப்படுத்த முடியவில்லை. காட்டு மிருகமாகவே நின்றுவிட்டன. டீச்சர் ஆராய்ச்சிக் கட்டுரை எதுவும் படித்தவரில்லை. ஆனால், கீரைக்காரம்மாவைக் காட்டி அவர் நடத்திய பாடம் சரியாக அந்த வாரங்களில்தான் நடந்தது.

இன்னொரு பகுதி, பிரம்பில். 2009-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில், நாயின் முரட்டுக் குணத்துக்கு வைத்தியம் தேடி வந்த 140 சொந்தக்காரர்களிடம், ‘என்னென்ன செய்து பார்த்தீர்கள்?’ என்று கேட்டார்கள். அடித்தவர்கள், உதைத்தவர்கள் தரப்பில் 43 சதவீதம் நாய்கள் பதிலுக்குச் சீறியிருக்கின்றன. முறைத்துப் பார்த்தவர்களிடம்கூட 30 சதவீதம்! “முதலாளி யாருன்னு தெரியணும்” என்ற யோசனையின் விலை அது.

சரி, அப்படியானால் இனம் ஒன்றுமே இல்லையா? அங்கேதான் எனக்கு பி.காம். கைகொடுத்தது. இன்ஷூரன்ஸ் என்று ஒரு பேப்பர் உண்டு. அதில் இரண்டு வகை ஆபத்தைத் தனித்தனியாகப் பார்க்கச் சொல்வார்கள். ஒன்று, பொருளில் இருக்கும் ஆபத்து. இன்னொன்று, ஆளிடம் இருக்கும் ஆபத்து. குடோனில் இருப்பது பருத்தியா, பட்டாசா என்பது முதல் வகை. குடோன்காரர் உள்ளே உட்கார்ந்து பீடி பிடிக்கிறவரா என்பது இரண்டாவது.

நாய் விஷயமும் இதுதான். பொமரேனியன் ஒரு கம்பி மத்தாப்பு. ராட்வீலர் ஓர் அணுகுண்டு. பீடி பிடிக்கும் கையில் எது இருந்தாலும் பற்றும். ஆனால், மத்தாப்பு பற்றினால் விரலில் கொப்புளம். அணுகுண்டு பற்றினால் விரலே இருக்காது. கடிக்குமா என்பதைப் பெரும்பாலும் வளர்ப்பு சொல்லும். கடித்தால் எவ்வளவு என்பதைச் சைஸும் தாடையும் சொல்லும். ரயிலில் சண்டை போட்ட இரண்டு கட்சியும் இரண்டு வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தன.

இது டீச்சருக்குத் தெரியும். தெருவில் வாக்கிங் போகும்போது பாபுவுக்கு வார் உண்டு, வாய்ப்பூட்டும் உண்டு. கைக்குழந்தையோடு யாராவது வந்தால் உள் ரூமில் விட்டுக் கதவைச் சாத்திவிடுவார். “இவ்வளவு சாதுவா இருக்கானே டீச்சர், இதெல்லாம் எதுக்கு?” என்றேன்.

“அவன் மேல எனக்கு நம்பிக்கை இருக்கு தம்பி. அவன் பல்லு மேல இல்லை” என்றார்.

2024 ஜூலை கடைசியில் ஒரு மத்தியானம், திண்டிவனத்திலிருந்து போன். மண்டியில் மூட்டை தூக்குகிறவரின் மகன், ஒன்பது வயது, அப்பாவுக்கு டிபன் கேரியர் எடுத்து வந்திருக்கிறான். வழக்கமாக வருகிறவன்தான். அன்றைக்குச் சங்கிலிக் கொக்கி தேய்ந்து கழன்றிருக்கிறது. டைகர் அவன் முன்கையைக் கவ்விவிட்டது. நாலு பேர் சாக்கைப் போட்டு மூடி இழுத்த பிறகுதான் விட்டதாம். திண்டிவனம் அரசு ஆஸ்பத்திரியில் முதல் சிகிச்சை முடித்து, முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள்.

நான் போனபோது பையன் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவியிருந்தார்கள். காயத்தைச் சுற்றி ஒரு மருந்து, தோளில் தடுப்பூசி. ஆழமான கடி. ஆனாலும் நாய்க்கடியை உடனே தைத்து மூடிவிட மாட்டார்கள் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று ஊசிச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அப்பா கைகட்டி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். ஆஸ்பத்திரிக்கும் கட்டுப்பட்டவர், முதலாளிக்கும் கட்டுப்பட்டவர்.

சித்தப்பா பெஞ்சில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டு, “நாம என்னடா பண்றது... அந்த ஜாதியே அப்படி” என்றார்.

அவர் கெட்டவரில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது அவர்தான். ஆனால், அந்த வாக்கியம் எவ்வளவு சௌகரியமான நாற்காலி பாருங்கள்! உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கவே வேண்டாம். கொக்கி ஏன் தேய்ந்தது, மூன்று வருஷத்தில் அதை எத்தனை நாள் வெளியே நடத்திக் கூட்டிப்போனோம், பிள்ளைகள் வந்துபோகும் வழியில் ஏன் கட்டினோம் என்று எதற்கும் பதில் சொல்ல வேண்டாம். நாய்க்கு நாம் தமிழில் இனம் என்று சொல்வதில்லை, ‘ஜாதி நாய்’ என்கிறோம். ‘அந்த ஜாதியே அப்படி’ என்ற வாக்கியத்தை நம் பக்கத்தில் நாயைப் பற்றி மட்டும் சொல்வதில்லை என்பது உங்களுக்கும் தெரியும். எங்கே சொன்னாலும் அதன் வேலை ஒன்றுதான். விசாரணையை மூடுவது.

பையன்தான் திறந்தான். கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, “அந்த நாய்க்கு ஊசி போட்டிருக்காங்களா?” என்று கேட்டான்.

சித்தப்பா மின்விசிறியைப் பார்த்தார். டைகரின் ஊசி அட்டையில் கடைசி முத்திரை 2021.

அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை நாய் கடித்து இறந்த 256 பேரின் கேஸை ஒவ்வொன்றாகத் தோண்டிப் பார்த்து, 2013-ல் ஓர் ஆராய்ச்சி வந்தது. எந்த இனம் என்று நம்பகமாகச் சொல்ல முடிந்ததே சுமார் 18 சதவீதத்தில்தான். ஆனால், வேறு சில விஷயங்கள் திரும்பத் திரும்ப வந்தன. 87 சதவீதத்தில் தடுக்கக்கூடிய ஆள் பக்கத்தில் இல்லை. 84 சதவீதத்தில் நாய்க்குக் கருத்தடை செய்யவில்லை. 76 சதவீதத்தில் அது வீட்டோடு பழகிய நாய் இல்லை, மனிதர்களிடமிருந்து ஒதுக்கி வைத்த நாய். பெரும்பாலான கேஸ்களில் இப்படி நாலைந்து சேர்ந்தே வந்திருக்கின்றன. படிக்கும்போது திண்டிவனம் குடோனுக்கு யாரோ இன்ஸ்பெக்‌ஷன் வந்து எழுதின ரிப்போர்ட் மாதிரியே இருந்தது.

சட்டத்தையும் புரட்டினேன். பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவு: தன்னிடமிருக்கும் மிருகத்தால் பிறருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதில் எந்த ஜாதி நாய் என்ற கேள்வியே இல்லை. 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம் இன்னும் ஆச்சரியம். வழக்கமாகக் கட்டிப்போட்டு வைத்திருக்கும் நாயைச் சரியாக நடமாடவிடாமல் இருப்பதே குற்றம் என்று அப்போதே எழுதிவைத்துவிட்டார்கள். முதல் தடவை அபராதம், பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை! இன்றைக்கு அந்தக் காசுக்கு நாய் பிஸ்கட் பாக்கெட்கூடச் சரியாக வராது.

லிஸ்ட் போட்டுத் தடுப்பதில் பலனில்லையா? பிரிட்டன் 1991-ல் பிட்புல் உட்பட நாலு இனத்துக்குத் தடை போட்டது. கடி நிற்கவில்லை. 2023 கடைசியில் எக்ஸ்.எல். புல்லி என்று ஐந்தாவது இனத்தைச் சேர்க்க வேண்டி வந்தது. நெதர்லாந்து 1993-ல் பிட்புல்லைத் தடை செய்து, 2008-ல் தானே எடுத்துவிட்டது. இங்கேயும் 2025 ஆகஸ்டில் சென்னை ஜாஃபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் இறந்தார். அந்த டிசம்பரில் மாநகராட்சி, பிட்புல்லுக்கும் ராட்வீலருக்கும் இனிமேல் புது லைசென்ஸ் இல்லை என்று முடிவெடுத்தது. நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். நெருக்கடியான தெருவில் அணுகுண்டு விற்காதே என்பது நியாயம்தான். ஆனால், அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால், பீடிக்காரர் அடுத்த கடையில் வேறு வெடி வாங்கிக்கொள்வார்.

டைகரை என்ன செய்வது என்பதுதான் வீட்டில் பெரிய பஞ்சாயத்து. ஒருவர், ராத்திரி லாரியில் ஏற்றி எங்கேயாவது நெடுஞ்சாலையில் விட்டுவிடலாம் என்றார். அதாவது, நம் பையனைக் கடித்தது போதும், ஊர் பெயர் தெரியாத இன்னொரு பையனைக் கடிக்கட்டும்! இன்னொருவர், ஊசி போட்டு முடித்துவிடலாம் என்றார். பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும், வெறிநோய் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் எல்லோரும் காத்திருந்தோம்.

அந்தப் பத்து நாளில், டீச்சர் பஸ் ஏறித் திண்டிவனம் வந்தார். பாபுவின் கூடப்பிறந்ததைப் பார்க்க வேண்டும் என்று. கிட்டே போகவில்லை. தூரத்தில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து அரைமணி நேரம் பார்த்தார். முதலில் குரைத்தது. பிறகு அந்தப் பள்ளத்தில் சுற்ற ஆரம்பித்தது. அதே முகம், அதே புருவப் பொட்டு.

“கோபக்காரன் இல்லீங்க இது. பயந்தாங்கொள்ளி” என்றார் சித்தப்பாவிடம். “ஒரு புள்ளையை மூணு வருஷம் ஒரே பெஞ்சுல கட்டிவெச்சு, போறவன் வர்றவன் எல்லாம் கல்லால அடிச்சா, அவன் எந்த ஜாதியா இருந்தா என்ன சார்?”

“அப்ப உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?” என்றார் சித்தப்பா ஆசையாக.

“மாட்டேன். என்னால இதைப் பிடிக்க முடியாது. நீங்கதான வாங்கினீங்க?”

மண்டியில் அரிசி கொட்டும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

ரத்தமா வளர்ப்பா என்ற வழக்கில் எனக்குத் தெரிந்த தீர்ப்பு அதுதான். குணத்துக்கு வளர்ப்பு காரணம் என்றால், வளர்த்தவர் சொந்தக்காரர். இனம் காரணம் என்றால், அந்த இனத்தைப் பணம் கொடுத்துத் தேர்ந்தெடுத்தவரும் அவரேதான். நாய் தன் ஜாதியைத் தானே தேர்ந்தெடுத்து விண்ணப்பம் போடவில்லை. டெபிட் எங்கே எழுதினாலும் கணக்கு ஒரே லெட்ஜருக்குத்தான் போகிறது.

எனவே, முதல் போனஸில் புல்லட் வாங்கலாமா, ராட்வீலர் வாங்கலாமா என்று யோசிக்கும் ஆபீஸ் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. விலையைக் கேட்பதற்கு முன் குட்டியின் அம்மா அப்பாவைப் பாருங்கள். உங்களைப் பார்த்ததும் அவை என்ன செய்கின்றன என்று பாருங்கள். குட்டி வந்த முதல் வாரத்திலிருந்து, ஊசி போடும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மடியில் வைத்தாவது ஊரைக் காட்டுங்கள். தினம் காலையும் மாலையும் நடக்க உங்களுக்கு நேரம் இருக்கிறதா, ட்ரான்ஸ்ஃபர் வந்தால் யார் பார்ப்பார்கள் என்று எழுதிப் பாருங்கள். பதில் ‘அம்மா பாத்துப்பாங்க’ என்றால், முதலில் அம்மாவைக் கேளுங்கள். எல்லா அம்மாவும் டீச்சர் இல்லை.

டைகர் உயிரோடுதான் இருக்கிறது. கருத்தடை ஆயிற்று, ஊசி ஆயிற்று. ஆறு அடிச் சங்கிலி போய், குடோனுக்குப் பின்னால் உயரமாகக் கம்பி வேலி போட்ட இடம். இரட்டைக் கதவு, இரண்டு பூட்டு. வாய்ப்பூட்டு இல்லாமல் வெளியே வருவதில்லை. அது பாபு ஆகவில்லை. ஆகவும் ஆகாது, அந்த முதல் மூன்று மாதம் போனது போனதுதான் என்று மாட்டு டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால், சித்தப்பா காலையில் தானே போய்ச் சோறு வைத்து, பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். இப்போதெல்லாம் அவர் பக்கம் புரட்டும் சத்தத்துக்கு அது எழுந்திருப்பதில்லை.

பையனின் ஆஸ்பத்திரிச் செலவு, அப்பாவுக்கு அந்த மாதக் கூலி எல்லாம் மண்டிக் கணக்கில்தான் எழுதினேன். என்ன தலைப்பில் எழுதுவது என்று கேட்டேன். ‘வாட்ச்மேன் சம்பளம்’ என்று எழுதச் சொன்னார் சித்தப்பா.

கை ஆறிவிட்டது, தழும்பு இருக்கிறது. பையன் மண்டிப் பக்கம் வருவதில்லை. மத்தியானம் பன்னிரண்டரை ஆனால், சித்தப்பா கல்லாவைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். அந்த டிபன் கேரியரை அவரே போய் வாங்கி வருகிறார்.